பாலில் ஒட்டிய லேபிள்

அத்தியாயம் – 6

நாஸாரேனோ சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தபோது, இர்மா கொல்லிபால் ஒரு காலி பீர் டின்னை மூக்கருகில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"தலைவி, காலி டின்னை மோந்து பார்க்கிற அளவுக்கு நிலைமை வந்துடுச்சா? சொல்லியிருந்தா வரும்போது ஒரு நிறைஞ்ச டின்னே வாங்கிட்டு வந்திருப்பேனே!"

"முதல்ல கதவைச் சாத்துய்யா. இந்த வால்திவியா ஊர் மழை மொத்தமும் உன் பின்னாலயே வருது."

சாத்தினான். கீழே ஆற்றோர மீன் சந்தையில் கடல் சிங்கங்கள் மீன் தலைக்காகக் குரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சந்தையின் மாடியில் இருந்த ஒற்றை அறைதான் இர்மாவின் அலுவலகம். வாசலில் ஒரு பலகை: 'இர்மா கொல்லிபால், துப்பறிவாளர். தோற்றதே இல்லை.' பத்தொன்பது வருடமாக அது பொய்யாகவில்லை. வழக்குகளுக்கு வெளியே அவள் தோற்றவை சில உண்டு. ஒரு கணவன், இரண்டு தோழிகள், ஒரு நாய். அதையெல்லாம் பலகையில் எழுத முடியாது. ஐம்பத்து மூன்று வயதில் அவள் ராத்திரிச் சாப்பாட்டை அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே முடித்துக்கொள்வாள். ஒருத்திக்காக மேஜை போடுவானேன் என்று கேட்பாள், கேட்க யாரும் இல்லாததால் தன்னிடமே.

நாஸாரேனோ மலைத்தொடருக்கு அந்தப் பக்கத்து நாட்டு ஆள், புவேனோஸ் ஐரஸ்காரன். நாற்பத்தெட்டு வயது. வானொலியில் செய்தி வாசித்தவன், வானொலியே மூடிக்கொண்டது. ஒரு பெண்ணை நம்பி மலையைத் தாண்டி வந்தான். அவள் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். இவன் நின்றுவிட்டான். இர்மாவிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, வாய் மட்டும் இன்னும் வானொலியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

"சரி, போன காரியம்?"

"பதினோராம் நம்பர் பஸ்ஸுல முனைக்கு முனை மூணு தடவை போய்ட்டு வந்தேன். மூணாவது தடவை டிரைவர் என்னை வீட்டு விசேஷத்துக்கே கூப்பிட்டுட்டான். அப்புறம் பதினோராம் நம்பர் வீடா பார்த்து ஏழு வீடு தட்டினேன். ஆறுல ஆள் இல்ல, ஒண்ணுல நாய் இருந்துச்சு. பேன்ட்டைப் பாருங்க."

பேன்ட்டைப் பார்த்தாள். நாய் இருந்தது உண்மைதான்.

வழக்கு இதுதான். ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கம். வருடத்துக்கு ஒரு போட்டி. வாசலில் எண் போட்ட அறைகள் உள்ள ஒரு மரப்பெட்டி இருக்கும். காலியான அறையில் டின்னை வைத்துவிட்டுப் போக வேண்டியது. டின்னில் லேபிள் இருக்கக் கூடாது, பெயர் இருக்கக் கூடாது. பெயரை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, ரப்பர் பேண்டு போட்டு டின்னோடு கட்ட வேண்டும். நடுவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். இந்த வருடம் முதல் பரிசு முப்பத்தொன்றுக்கு. முப்பத்தொன்றில் சீட்டே இல்லை.

நாளை சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் காய்ச்சியவர் யாரென்று தெரியாவிட்டால், பரிசு இரண்டாவது ஆளுக்குப் போய்விடும். பரிசு என்றால் கோப்பை அல்ல. ஊர் மதுபான ஆலை அந்தப் பீரை ஒரு முறை பெரிய அளவில் காய்ச்சி, காய்ச்சியவரின் லேபிளோடு கடைகளில் வைக்கும். இரண்டாவது வந்தவர் சங்கத் தலைவர் ரெட்டிக்கின் சொந்த மச்சான். தன் லேபிள் எல்லாவற்றிலும் தன் முகத்தையே அச்சடித்துக்கொள்கிற மனிதர். ரெட்டிக் இர்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "இவ்வளவு நாளா வீட்டுல மட்டும்தான் அந்த மூஞ்சியைப் பார்த்தேன். இனிமே ஒவ்வொரு கடையிலயும் பார்க்கணுமா? எப்படியாவது அந்த ஆளைக் கண்டுபிடிங்கம்மா!"

தடயம் என்று இருந்தது இந்த ஒரு டின். வெறும் அலுமினியம். நேற்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அதன் மேல் மங்கலாக ஒரு நீலச் சாயை தெரிந்தது. ஒரு காலத்தில் அதில் லேபிள் இருந்திருக்கிறது. போட்டி விதிக்காக உரித்திருக்கிறார்கள். ஈரக் காகிதத்தின் வழியே மை ஊறி, ஒரே ஒரு சொல் டின்னில் தங்கிவிட்டது. 'ஓன்ஸே'. அவர்கள் பாஷையில் பதினொன்று. கீழே வளைவாக ஏதோ ஒரு கோடு. இர்மா அதைப் படித்துச் சொன்ன மாத்திரத்தில் நாஸாரேனோ தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"நேத்து நீ என்னை வாயைத் திறக்கவே விடலை" என்றாள் இர்மா. "இந்த ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சே, சாயங்காலம் ஆறு மணியானா இங்க எல்லாரும் என்ன பண்ணுவாங்க?"

"கதவைச் சாத்திக்குவாங்க."

"சாத்திக்கிட்டு? உள்ள?"

"எனக்கெப்படித் தெரியும் தலைவி? நான்தான் வெளியில இருக்கேனே."

இர்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, டீ. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவாங்க. அதுக்குப் பேருதான் ஓன்ஸே. மணி ஆறானாலும் ஏழானாலும் இந்த நாட்டுல சாயங்கால டீக்குப் பேரு பதினொண்ணு. அந்தக் காலத்துல ஆம்பளைங்க டீ குடிக்கப் போறோம்னு சொல்லிட்டு சாராயம் குடிக்கப் போவாங்களாம். சாராயத்துக்கு நம்ம பாஷையில பதினோரு எழுத்து. வெளிய சொல்லக் கூடாதுன்னு 'பதினொண்ணு'ன்னு ஜாடையா சொல்ல ஆரம்பிச்சாங்கன்னு ஒரு கதை."

"அப்போ நான் மூணு தடவை பஸ்ஸுல போனது?"

"ஊரைச் சுத்திப் பார்த்த கணக்கு."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, கேலி இல்லாத குரலில் சொன்னான், "தெரியாமப் போச்சு. யாராவது ஒரு தடவை கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

இர்மா டின்னைக் கையில் உருட்டினாள். இந்த நாலு மாதமும் சாயங்காலம் ஆறானால் அவள் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய், தன் வீட்டில் தனியாக டீ குடித்திருக்கிறாள். அவன் எங்கே போனான் என்று கேட்டதில்லை. ஊரையே துருவிக் கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

டின்னை அவன் பக்கம் நீட்டினாள். "மோந்து பாரு. உள்ள இல்ல, வெளிய. விளிம்புக்குக் கீழ."

"பீர்... இல்லையே. புளிச்ச வாடை. குழந்தை கக்கின தோள்பட்டை மாதிரி இருக்கு."

"பால். லேபிளைப் பாலைத் தடவி ஒட்டியிருக்காங்க. பாட்டில்ல பீர் ஊத்தறவங்க சில பேர் அப்படிச் செய்வாங்க. காகிதத்துக்குப் பின்னால பாலைத் தடவி ஒட்டினா, காய்ஞ்சதும் நல்லாப் பிடிச்சுக்கும். தண்ணியில முக்கினா ஒரே நிமிஷத்துல வழுக்கிட்டு வந்துடும். பாட்டிலைக் கழுவித் திரும்ப நிரப்பலாம். ஆனா டின்னை யாரு திரும்ப நிரப்புறாங்க? குடிச்சா குப்பைதானே. அதுக்கு எதுக்குப் பால்?"

நாஸாரேனோ தாடையைச் சொறிந்தான். "கோந்து வாங்க சோம்பேறித்தனம்?"

"லேபிள் அடிக்கறவன் சோம்பேறியா இருக்க முடியாது. சங்கத்துல யாரை வேணும்னாலும் கேளு, பீரைவிட லேபிளைப் பத்தித்தான் மணிக்கணக்கா பேசுவான். இந்த ஆளுக்கு லேபிள் சட்டுனு உரிஞ்சு வரணும். வாசல்ல யாராவது தட்டினா தொட்டியில முக்கிட வேண்டியதுதான். டின்னுக்கு அப்புறம் வாய் கிடையாது."

"அதாவது லேபிளை ஆசை ஆசையா அடிச்சு, யாரும் பார்த்துடக் கூடாதுன்னு ஒட்டறாங்க. தலைவி, நானாவது பரவாயில்ல போலிருக்கே."

பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஈரமான நீளக் காகிதம் ஒன்றை எடுத்து மூக்கைத் துடைக்கப் போனான்.

"நில்லு! என்ன அது?"

"நோட்டீஸ். நேத்து சங்கத்து வாசல்ல ஒரு அல்லேலூயா அம்மா கொடுத்துச்சு. 'குடியை விட்டொழி'ன்னு போட்டிருக்கு. 'நான் குடியை விடலைம்மா, குடிதான் என்னை விட்டுப் போச்சு'ன்னேன். சிரிக்கவே இல்ல. ஆனா மூக்கு துடைக்க நல்ல நீளம்."

இர்மா அதைப் பிடுங்கி மேஜை மேல் நீவி வைத்தாள். நீல மை. சுற்றிலும் மெல்லிய கொடிக்கோலம். எழுத்து ஒவ்வொன்றும் அளவாக, அழகாக இருந்தது. இலவசமாகக் கொடுக்கிற காகிதத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். மேலும் கீழும் இடதும் அச்சு விளிம்பு வரை ஓடியது. வலது ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

"இங்க ஏன் காலியா விட்டிருக்கு?"

"அச்சு முடிஞ்சு போச்சு, அதனால."

"இல்ல." டின்னை எடுத்தாள். நோட்டீஸின் வலது ஓரத்தை டின்னில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மெதுவாகச் சுற்றினாள். உயரம் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை சரியாக இருந்தது. சுற்றி வந்த இடது ஓரம் அந்த வெள்ளைப் பட்டையின் மேல் ஒரு மயிரிழை கூடக் குறையாமல் வந்து உட்கார்ந்தது. கொடிக்கோலம் கோலத்தோடு சேர்ந்துகொண்டது. மேஜை மேல் இப்போது ஒரு பீர் டின் நின்றது. அதைச் சுற்றி 'குடியை விட்டொழி' என்று இருந்தது.

நாஸாரேனோ குனிந்து அதைச் சுற்றிவரப் படித்தான்.

"தலைவி," என்றான் நாஸாரேனோ, குரலைத் தாழ்த்தி, "இப்படி ஒரு டின்னைக் கையில வெச்சுக்கிட்டுக் குடிச்சா, போதையும் பாவமன்னிப்பும் ஒரே விலையில முடிஞ்சுடும்."

"ஒட்டறதுக்கு ஓரம் விட்டுப் பழகின கைய்யா இது. டின்னுக்கு அளவெடுத்து எடுத்து, சபைக்கு நோட்டீஸ் அடிக்கும்போதும் அந்தக் கை தன்னையறியாம அதே அளவு, அதே ஓரம் விட்டிருக்கு."

நோட்டீஸின் கடைசி இரண்டு வரிகளை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'குடியைத் தன் வீட்டில் மறைத்து வைக்கிறவர்களுக்கு நம் சபையில் இடமில்லை. ஜெப உதவிக்கு: சகோதரி தாமரிஸ் ஒயார்ஸோ, சபைக்கு அடுத்த பச்சை வீடு, கோயிகோ.'

ஒரு முடிச்சு அவிழ்ந்தால் இர்மாவுக்குள் வழக்கமாக ஒரு துள்ளல் வரும். இன்றைக்கு வரவில்லை. இடமில்லை என்கிற வரியையும் அந்தக் கைதான் அளவெடுத்து அச்சடித்திருக்கிறது.

*

சங்கத்தின் முன் கண்ணாடியில் நடுவர்கள் எழுதிய மதிப்பெண் தாள்கள் வரிசையாகத் தொங்கின. அறுபத்து நான்கு எண்கள். முப்பத்தொன்றின் கொக்கியில் மட்டும் தாள் இல்லை.

"ஜெயிச்சவர் தாளை மேடையிலதான் கொடுப்போம், அது எங்க வழக்கம்" என்றார் ரெட்டிக். கடைவாயில் ஆப்பிள் கேக் துண்டு ஒன்று அடங்கியிருந்தது. "ஆள் கிடைச்சாச்சா? நாளைக்கு வானொலிக்காரங்க வேற வராங்க. பேரை மைக்குல சொல்லணும், ஊர் முழுக்கக் கேட்கணும். என் மச்சான் முகம் எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும்."

"கிட்ட வந்துட்டோம். அந்தத் தாளை இன்னிக்கு எனக்குக் கொடுங்க. நாளைக்குத் திருப்பித் தந்துடறேன்."

"எதுக்கு?"

"துப்பறியறதுக்கு" என்றான் நாஸாரேனோ, செய்தி வாசிக்கும் குரலில். அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. ரெட்டிக் தாளை எடுத்துக் கொடுத்தார்.

"இன்னொரு உதவி பண்ணுங்கம்மா" என்றார். "எட்டு நாளா ஒரு சபைக்காரம்மா இந்தக் கண்ணாடி முன்னாடியே குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நாலு பேருக்கு நோட்டீஸ் கொடுக்கும், திரும்பிக் கண்ணாடியைப் பார்க்கும். மறுபடி நாலு பேர், மறுபடி கண்ணாடி. எங்களைச் சபிக்குதுன்னு நினைக்கிறேன். நீங்க பேசி வேற இடத்துக்கு அனுப்பிவிட முடியுமா?"

வெளியே வந்ததும் நாஸாரேனோ காலியான அந்தக் கொக்கியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தம்மா சபிக்கலை தலைவி. தேடிக்கிட்டிருக்கு."

"ம்" என்றாள் இர்மா. "மணி என்ன?"

"அஞ்சே முக்கால்."

"வா. சரியான நேரம்."

*

பச்சை வீட்டின் கதவு இரண்டாம் தட்டலுக்குப் பிறகுதான் திறந்தது. நீல முக்காடு, ரப்பர் பூட்ஸ், ஐம்பத்தெட்டு அறுபது வயது. முழங்கை வரை ஈரக் கை.

"ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு நாஸாரேனோவை உற்றுப் பார்த்தாள். "இவரு என் நோட்டீஸை வாங்கிக் கேலி பண்ணினவர்."

"அதுல மூக்கைத் துடைக்கவும் பார்த்தேம்மா. உண்மையைச் சொல்லிடறேன்."

உள்ளே எங்கோ 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'ப்ளுக்'. தாமரிஸ் கதவை இன்னும் குறுக்கிக்கொண்டாள்.

இர்மா பைக்குள்ளிருந்து டின்னை எடுத்து நீட்டினாள். அதைச் சுற்றி அந்த நோட்டீஸ் அப்படியே இருந்தது. தாமரிஸின் கண் முதலில் எழுத்தில் விழுந்தது, பிறகு ஓரம் ஓரத்தோடு சேர்ந்த இடத்துக்குப் போய் அங்கேயே நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

"பாஸ்டர் அனுப்பினாரா?"

"இல்ல. முப்பத்தொண்ணு அனுப்பிச்சுது."

தாமரிஸ் கதவை விட்டு விலகினாள்.

விறகடுப்புப் பக்கத்தில் ஒரு தொட்டி. அதற்குள் பத்துப் பன்னிரண்டு டின்கள் அவசரமாக அமுக்கப்பட்டிருந்தன. தண்ணீரின் மேல் லேபிள்கள் ஒவ்வொன்றாக எழும்பி மிதக்க ஆரம்பித்திருந்தன, நீல மை கலைந்துகொண்டிருந்தது. மூலையில் சபையின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். அதற்குப் பக்கத்தில், கையால் சுற்றி டின்னுக்கு மூடி அழுத்துகிற ஒரு இயந்திரம். ஜன்னலோரம் போர்வை சுற்றிய பெரிய வாளி ஒன்று. உள்ளே புளிக்கிற பீரின் காற்று, மூடியில் செருகியிருந்த தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாயில் குமிழியிடும்போதுதான் அந்த 'ப்ளுக்' வந்தது.

நாஸாரேனோ தொட்டியிலிருந்து ஒரு லேபிளை இரண்டு விரலால் தூக்கினான். அழகான எழுத்தில் மேலே 'ஓன்ஸே'. கீழே ஒரு டீக்கோப்பை, ஒற்றைக் கோப்பை. டின்னில் இருந்த அந்த வளைவு அதன் கைப்பிடி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. படித்தான். அடுத்ததை எடுத்தான். அதிலும் அதே கோப்பை, வேறு வரி.

"'புதன். தபால்காரர் பக்கத்து வீடு வரைக்கும் வந்தார்.' 'வெள்ளி. மழை. சத்தமாகப் பாடிப் பார்த்தேன்.' 'ஞாயிறு. எல்லாரும் கட்டியணைத்துக்கொண்டார்கள். யாரும் உட்காரவில்லை.'" அவன் நிறுத்திவிட்டான். லேபிளை மெல்லத் தண்ணீரிலேயே விட்டான்.

"ஒரு டின்னுக்கு ஒரு லேபிள்" என்றாள் தாமரிஸ், ஏதோ மன்னிப்புக் கேட்பவள் போல. "ஒரே மாதிரி நிறைய அடிச்சு நான் யாருக்குக் கொடுக்கணும்? தினம் ஒண்ணு போடுவேன்."

"குடிக்கறதில்லையா?"

"ஒரு சொட்டு கூட நாக்குல பட்டதில்ல!" முதல்முறையாக அவள் குரல் நிமிர்ந்தது. "இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி சபையில வாக்குக் கொடுத்தேன். இன்னிவரைக்கும் மீறலை. எல்லாம் மூக்காலதான். வாசனை எப்போ சரியா வருதோ அப்போ டின்ல ஊத்துவேன்."

"குடிக்கவும் மாட்டீங்க, கொடுக்கவும் ஆள் இல்ல. அப்புறம் எதுக்கும்மா காய்ச்சறீங்க?" என்று கேட்டாள் இர்மா.

வாளி 'ப்ளுக்' என்றது. தாமரிஸ் அதன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஒரு பத்து நாளைக்கு அப்படியே சத்தம் போட்டுக்கிட்டிருக்கும். முதல் ரெண்டு நாள் வேகமா, அப்புறம் நிதானமா. பக்கத்து ரூம்ல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும். சத்தம் நின்னுட்டா அடுத்ததைக் காய்ச்சிடுவேன். அவ்வளவுதான்."

இர்மாவுக்குத் தன் வீட்டு வானொலி நினைவுக்கு வந்தது. யார் பேசுகிறார்கள் என்று கூடக் கேட்பதில்லை; ஆனால் வாசல் கதவைத் திறந்ததும் கை அதற்குத்தான் போகும்.

"போட்டிக்கு ஏன் வெச்சீங்க?"

"எனக்குப் பரிசு வேண்டாம். எப்படி இருக்குன்னு தெரியணும். காய்ச்சினவளுக்கே தெரியலைன்னா எப்படி? நடுவர்ங்க எழுதித் தொங்கவிடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். பேர் எழுதாம வெச்சா எண்ணைப் பார்த்துப் படிச்சுட்டு வந்துடலாம்னு நினைச்சேன். எட்டு நாளா போறேன், எல்லார் தாளும் இருக்கு. என்னோடது மட்டும் இல்ல. எழுதறதுக்குக் கூட லாயக்கில்லாம கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஜெயிச்சுடுச்சும்மா" என்றான் நாஸாரேனோ. "முதல் பரிசு. அதனாலதான் தொங்கவிடலை."

தாமரிஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். சந்தோஷப்படவில்லை. பயந்தாள்.

"பேரைச் சொல்லிடுவாங்களா?"

"நாளைக்குப் பகல் பன்னிரண்டுக்கு. மைக்குல" என்றாள் இர்மா. மறைக்க மனம் வரவில்லை.

"சபையில நூத்திருபது பேர்" என்றாள் தாமரிஸ். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஒருத்தரும் வர மாட்டாங்க. தப்பா சொல்லலை, அவங்கவங்களுக்கு வீடு இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை நூத்திருபது பேரும் என் கையைப் பிடிச்சு, 'சகோதரி, நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்பாங்க. அந்த ஒரு நாளை வெச்சுத்தான் மத்த ஆறு நாளை ஓட்டறேன். அதுவும் போயிடுச்சுன்னா..."

 வாளி நிதானமாக மூச்சு விட்டது.

இர்மா நடுவர்களின் தாளை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'எண் முப்பத்தொன்று. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. சுட்ட ரொட்டியின் மேலோடு. நடுவில் முர்த்தாப் பழம், அளவாக. கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நின்று, மெதுவாகப் போகிறது. அவசரப்படாத ஒருவர் காய்ச்சியிருக்கிறார். இவர் அடுத்தது காய்ச்சினால் எங்களுக்குச் சொல்லவும்.'"

தாமரிஸ் தாளை வாங்கித் தானே இன்னொரு தடவை உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு ஒரு குழந்தையின் சந்தேகத்தோடு நிமிர்ந்தாள்.

"கசப்பு நின்னு போகுதுன்னு எழுதியிருக்காங்களே, அது நல்லதா, கெட்டதா?"

இர்மா நாஸாரேனோவைப் பார்த்தாள். நாஸாரேனோ தொட்டியில் கையை விட்டு ஒரு டின்னைத் தூக்கி, கைக்குட்டையால் துடைத்து, திறந்து இர்மாவிடம் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்தாள்.  தாமரிஸ் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதும்மா" என்றாள் இர்மா. "எனக்குப் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தெரியாது. வெளியில குளிர்ல நடந்துட்டு வந்து, அடுப்பு எரியற வீட்டுக்குள்ள நுழைஞ்சா முகத்துல ஒரு சூடு படுமே, முதல்ல அது. அப்புறம் பழம். அப்புறம் அந்தக் கசப்பு. விருந்தாளி எழுந்து போறேன்னு சொல்லிட்டு, வாசல்ல நின்னு இன்னும் கொஞ்ச நேரம் பேசற மாதிரி இருக்கு. போகச் சொல்லத் தோணலை."

தாமரிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாஸாரேனோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, நாய் கிழித்த பேன்ட்டை வெகு அக்கறையாக ஆராய்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள். முன்னால் இருந்த ஒரு கோப்பையை எடுத்தாள், பிறகு பின்னால் கையை விட்டுத் தூசு படிந்த இரண்டை எடுத்துக் கழுவினாள்.

"மணி ஆறு தாண்டிடுச்சு. நான் கேட்கவே மறந்துட்டேன். ஓன்ஸே சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

"மூணு தடவை பஸ்ஸுல போய்த் தேடினேன்மா" என்றான் நாஸாரேனோ. "இங்கதான் இருந்திருக்கு."

வெண்ணெய், துண்டு போடாத ரொட்டி, முர்த்தா ஜாம். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இர்மா கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை.

*

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. ரெட்டிக் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை ஓரமாக ஓடி வந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க, பேரு?"

"தெரியலை" என்றாள் இர்மா.

"என்ன விளையாடறீங்களா? நேத்து கிட்ட வந்துட்டோம்னு சொன்னீங்களே!"

"கிட்டதான் வந்தேன். கண்டுபிடிக்க முடியலை. தோத்துட்டேன்."

அந்த வார்த்தையை அவள் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகச் சொன்னாள். நினைத்த அளவுக்கு அது கசக்கவில்லை.

"அந்த மதிப்பெண் தாளாவது?"

"அதுவும் தொலைஞ்சு போச்சு."

ரெட்டிக் மைக்கை நெற்றியில் தட்டிக்கொண்டார். பின்னால் அவர் மச்சான் தலையைச் சீவிக்கொண்டு மேடை ஏறினார். வெளியே கண்ணாடி முன்னால் அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

அடுத்த மாதமே ஊர்க் கடைகளில் அந்த முகம் வரிசையாகச் சிரித்தது. மீன் சந்தைக்காரர்கள் மாடியைப் பார்த்து, "என்னம்மா, ஒரு பீர் டின்கிட்ட தோத்துட்டியாமே!" என்று கேலி பேசினார்கள். பலகையை என்ன செய்வது என்று இர்மா கேட்டாள். நாஸாரேனோ பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்து, 'தோற்றதே இல்லை' என்பதற்குக் கீழே, 'ஒரே ஒரு தடவை தவிர' என்று எழுதினான். அவள் அழிக்கச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகக் கதவின் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஒரு டின். நாஸாரேனோதான் எடுத்தான்.

"தலைவி, இதுல பொடி எழுத்து வரி இல்ல. 'ஓன்ஸே'ன்னு போட்டு, கீழ கோப்பை போட்டிருக்கு. மூணு கோப்பை."

இர்மா அதை வாங்கிப் பார்த்தாள். அதே நீல மை, அதே கொடிக்கோலம். மழையில் நனைந்திருந்தது. பழக்கதோஷத்தில் விளிம்பை முகர்ந்தாள். பால் வாடை இல்லை.

குழாயைத் திறந்து டின்னைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். ஒரு நிமிஷம் பிடித்தாள், இரண்டு நிமிஷம் பிடித்தாள். ஓரத்தை நகத்தால் நெம்பியும் பார்த்தாள்.

லேபிள் உரியவில்லை.

"ஆறு மணிக்கு வேற வேலை ஏதாவது வெச்சிருக்கியா?" என்று அவனைக் கேட்டாள்.